உன் அப்பா தின்று சாகவில்லை

முரளி,

இந்த உறைக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இந்தக் கடிதம். இன்னொன்று உன் கம்பெனியில் எல்லோருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட். அது கூரியரில் வந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நீ புனேயில் டிரெயினிங்கில் இருந்தாய். உன் பெயர் போட்ட கவரைப் பிரித்தது தப்பு. பிரித்துப் படித்த பிறகு அதை பீரோவில், உன் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த கூறைப்புடவைக்கு அடியில் ஒளித்தது அதைவிடப் பெரிய தப்பு. தினமும் போனில் பேசினோம். மண்டபத்துக்காரரோடு சண்டை போட்டதைச் சொன்னேன், பத்திரிகைக்கு மஞ்சள் தடவியதைச் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கியதும் நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேரில் சொன்னால் "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை அப்புறம் பார். முதலில் இதை முழுசாகப் படி.

உன் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. கொஞ்சம் மேலே இல்லை, அந்தத் தாளில் சரியான அளவு என்று அச்சடித்திருப்பதைப் போல இரண்டு மடங்கு. பயப்படாதே, வழி இருக்கிறது, அதையும் எழுதத்தான் போகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். எலக்ட்ரானிக் சிட்டி கேன்டீனில் எனக்குத் தெரியாமல் என்னென்ன தின்றிருக்கிறாய் என்று மனசுக்குள்ளேயே உன்னை நிற்க வைத்து விசாரித்தேன். அரை மணி நேரத்தில் அந்தக் கோபம் லேப்காரர்கள் பக்கம் திரும்பியது. பதினாலு வருஷம் கார்மென்ட்ஸில் செக்கிங் பார்த்தவள் நான். ஒரு சட்டையின் டேக் இன்னொரு சட்டையில் ஏறிக்கொள்வதை எத்தனை முறை பிடித்திருக்கிறேன். அத்தனை பேரின் ரத்தத்தை ஒரே காலையில் எடுத்தால் மாறாமல் இருக்குமா? எவனோ ஒரு கபாப் தின்னியின் ரிப்போர்ட் உன் பெயரில் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஏனென்றால் உன் உடம்பு நான் பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு. அதற்குள் எவ்வளவு எண்ணெய் போனது என்று எனக்குச் சொட்டுச் சொட்டாகத் தெரியும்.

ஏன் அப்படி வளர்த்தேன் என்பது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்தக் கதையை நான் உனக்கு நேர்மையாகச் சொன்னதே இல்லை. உன் அப்பாவுக்குச் சாப்பாடு என்றால் அப்படி ஒரு ஆசை. ஆள் என்னவோ ஒல்லி. ஒக்கலிபுரத்திலிருந்து கலாசிபாளையம் லாரி பார்சல் ஆபீசுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. சின்ன வயதிலேயே கண்ணோரம் மூக்குப் பக்கமாக மஞ்சளாக ஒரு தடிப்பு இருந்தது. அது அதிர்ஷ்டக் குறி என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ருசி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை பாயிடம் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குவார். மாசச் சம்பளம் வந்தால் உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய் வெண்ணெய் தோசை வாங்கித் தருவார். மேலே வைத்த வெண்ணெய் உருண்டை உருகி வழிவதற்குள் தின்ன வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் பந்தயம். நானும் அப்போது சிரித்துக்கொண்டுதான் பார்த்திருந்தேன் என்பதை மறைத்துவிட்டுத்தான் பிறகு உனக்குக் கதை சொன்னேன்.

காவேரிக் கலாட்டா நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம். ரயில்வே பாலம் ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். பக்கத்தில் இருந்த டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு எண்ணெய், நெய் எல்லாம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். ரத்தம் எடுக்கவில்லை, இ.சி.ஜி. எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுப் போலீஸாக மாறினேன். வனஸ்பதி டப்பாவைத் தூக்கி எறிந்தேன், தேங்காயை நிறுத்தினேன், கறிக்கடைக்கு நானே போக ஆரம்பித்தேன். ஆறு மாதம் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், "இன்னிக்கு ஒரு நாள் ரெண்டு வடை சுட்டுக் குடேன்" என்று கேட்டார். நான் முடியாது என்றேன். சும்மா சொல்லவில்லை, குழந்தையைத் திட்டுவது போலத் திட்டினேன். அவர் எதிர்த்துப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் ஹோட்டலிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜையில் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். வெண்ணெய் வாசனை அடித்தது. அவருக்கு நாற்பத்தொரு வயது.

வீட்டில் கிடத்தியிருந்தபோது நான் என்ன சொல்லி அழுதேன் என்று உனக்கு நினைவிருக்கும். மற்ற பெண்கள் ராசாவே என்று அழுவார்கள். நான், "தின்னே செத்துட்டியே, நாக்கை அடக்கத் தெரியாம எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதேன். உனக்குப் பதிமூன்று வயது. அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தாய். நீ அழவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உன்னிடமிருந்து உன் அப்பாவை இரண்டாவது முறை எடுத்துவிட்டேன் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதற்கு அப்புறம் நம் வீட்டில் அவர் பெயர் வந்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான். நீ இன்னும் கொஞ்சம் கேட்டால் அப்பா மாதிரி ஆகாதே என்பேன். நீ வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால், நல்ல பிள்ளை, உன் அப்பா மாதிரி இல்லை என்பேன். அவர் உனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்ததை, கணக்குச் சொல்லிக் கொடுத்ததை, லாரியில் வரும் மூட்டைகளின் ஊர்ப் பெயர்களை வைத்து இந்தியா மேப்பையே உனக்கு மனப்பாடம் செய்ய வைத்ததை நான் ஒரு நாளும் பேசவில்லை.

சமையலறையில் இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் எனக்கு எண்ணெய் அளவு. ஒரு பொரியலுக்கு ஒரு மூடி. டி.வி.யில் இதயத்துக்கு நல்லது என்று எந்த எண்ணெயைக் காட்டினாலும் அதற்கு மாறினேன். கடலை எண்ணெய் போய் சூரியகாந்தி வந்தது, அது போய் தவிட்டு எண்ணெய் வந்தது. தீபாவளிக்கு நம் வீட்டில் அடுப்பில் வாணலி ஏறாது. பக்கத்து வீட்டிலிருந்து வரும் முறுக்கை அப்படியே தெரு கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீ பி.யூ.சி. படிக்கும்போது, காலேஜ் பக்கத்து வண்டியில் நண்பர்களோடு நின்று கோபி மஞ்சூரியன் தின்றுகொண்டிருந்தாய். நான் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள், நேராக வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். தட்டு கீழே விழுந்தது. அத்தனை பையன்களுக்கு முன்னால், உன் அப்பன் நாக்கு உனக்கும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நீயே அந்த மருந்து மூடியை எடுத்துக் கழுவி, எனக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த அறைக்கு நான் இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், கண்ணா. மன்னித்துவிடு.

இனி சொல்லப் போவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஹெப்பகோடியில் கவிதாவைப் பெண் பார்க்கப் போயிருந்தோமே, அன்றைக்கு அவள் அப்பா நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா எதில் தவறினார் என்று. அவர் கேட்டது நியாயம். பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். அந்த ஒரு நிமிஷத்தில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது தெரியுமா? ஹார்ட் அட்டாக், நாற்பத்தொரு வயது என்று மட்டும் சொன்னால், குடும்ப வியாதியோ என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இடம் கொடுக்காமல் நான் முந்திக்கொண்டேன். "வாயைக் கட்டத் தெரியாத மனுஷன்ங்க. கொழுப்புக் கறி, வெண்ணெ, பலகாரம்னு நாக்குக்கு அடிமையா இருந்தாரு. எம் பையன் அப்படி இல்லீங்க, அவனுக்கு நெய் வாசனையே தெரியாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தின்று செத்தவனால் மகனுக்குக் குற்றமில்லை. ரத்தத்தால் செத்தவன் என்றால்தான் மகனுக்குப் பெண் கிடைக்காது. இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தே, கடைசி ஆறு மாதம் வாயைக் கட்டியிருந்த ஒரு மனிதரைப் பெண் வீட்டுக் கூடத்தில் நிற்க வைத்து சாப்பாட்டு ராமன் என்று பட்டம் கட்டினேன். பக்கத்தில் நீ தலையைக் குனிந்துகொண்டு கேசரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். டேக் மாறிவிட்டது என்று நிரூபிப்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டு மல்லேஸ்வரத்தில் ஒரு இதய டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், கன்னடக்காரி, உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பாள். நான் போட்ட சத்தத்தை முழுசாகக் கேட்டாள். இருமல் மருந்து மூடிக் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்பா எந்த வயதில் போனார், அவர் கூடப் பிறந்தவர்கள் எப்படி, தாத்தா எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, உங்கள் வீட்டுக்காரர் கண்ணோரம் மஞ்சளாகத் தடிப்பு ஏதாவது இருந்ததா என்றாள். இருந்தது, அதிர்ஷ்டக் குறி என்பார்கள் என்றேன். மகனுக்குக் குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்திருக்கிறதா என்றாள். உனக்கு ஷூ வாங்கும்போதெல்லாம் பின்பக்கம் உரசுகிறது என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோமே, அது ஞாபகம் வந்தது. அதுவும் கொழுப்புதானாம், போக இடமில்லாமல் அங்கே போய்த் தங்கியதாம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டா மாத்ர அல்ல அம்மா, இது ரக்ததல்லே இதெ" என்றாள். சாப்பாடு மட்டும் இல்லை, ரத்தத்திலேயே இருக்கிறது என்று.

நான் அவளை விடவில்லை, புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். நாம் தின்பதிலிருந்து வருவதைவிட அதிகமான கொழுப்பை நம் கல்லீரலே தயாரிக்கிறதாம். அது உடம்புக்குத் தேவை. மிச்சத்தை ரத்தத்திலிருந்து அள்ளிக்கொண்டு போகவும் உடம்பிலேயே ஏற்பாடு இருக்கிறது. சிலருக்கு அந்த ஏற்பாடு பிறவியிலேயே பாதிதான் வேலை செய்யும். தெருவுக்குக் குப்பை லாரி தினமும் வந்தால் கல்யாண வீட்டுக் குப்பைகூட மறுநாள் காணாமல் போகும். லாரி ஒழுங்காக வராத தெருவில் நாம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூலையில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் குறை அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் சமமான வாய்ப்பு. அப்படியானால் நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் வீணா என்று கேட்டேன். வீண் இல்லை என்றாள். நெய், வனஸ்பதி, கறிக்கொழுப்பு இதெல்லாம் இந்த ரத்தத்துக்கு இன்னும் கெடுதல், அதைக் குறைத்தது நல்லது, நீ சிகரெட் தொடாதது ரொம்ப நல்லது. ஆனால் மூடி அளவை அரை மூடியாகக் குறைத்தாலும் இந்த எண் இறங்காது. மாத்திரை வேண்டும், அதுவும் ஆயுசு முழுக்க. சீக்கிரம் ஆரம்பித்தால் மற்றவர்களைப் போலவே ரொம்ப நாள் இருக்கலாம் என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டேன்.

வெளியே வரும் முன் இன்னொன்றும் கேட்டேன். அன்றைக்கு அவர் அந்த வெண்ணெய் தோசையைத் தின்னாமல் இருந்திருந்தால்? அவள் யோசித்துவிட்டு, ஒரு தோசையால் யாரும் சாவதில்லை, அவர் பிறந்ததிலிருந்து சேர்ந்தது அது, அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருந்தாலும் நடந்திருக்கலாம் என்றாள். நான் மல்லேஸ்வரம் பஸ் ஸ்டாப்பில் நாலு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அந்த வடையைச் சுட்டுக் கொடுத்திருக்கலாமே என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

அன்று மாலையே உன் கிருஷ்ணகிரி அத்தைக்குப் போன் போட்டேன். தாத்தா பாம்பு கடித்து இறந்தார் என்றுதானே நமக்குச் சொல்லியிருந்தார்கள். ஓசூர் பெரியப்பா குடித்துக் குடல் வெந்து செத்தார் என்று. உன் அப்பாவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தை வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. தாத்தா முப்பத்தொன்பது வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை. பெரியப்பா எப்போதாவது ஒரு நாள் குடிப்பவர்தான், அவருக்கும் நெஞ்சுதான். ஏன் அண்ணி மறைத்தீர்கள் என்று கத்தினேன். அத்தை சத்தம் போடாமல் சொன்னாள்: "சொல்லியிருந்தா அந்த வூட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? உன்னையே குடுத்திருப்பாங்களா?"

கொடுத்திருக்க மாட்டார்கள். நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அவரும் இல்லை, நீயும் இல்லை, தோளில் உட்கார்ந்து தோசை தின்னப் போன அந்தக் காலமும் இல்லை. அதை நினைத்தால் அத்தை மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. அந்தக் காலத்தில் தெரிந்திருந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை, பயந்துகொண்டு வாழ்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்குத் தெரிந்தால் பிழைக்கலாம். மறைத்தால்தான் சாவு. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நான் பத்தொன்பது நாளாகத் தெரிந்தே பார்க்காமல் இருந்தேன். நம் வீட்டு ஆண்கள் மூன்று பேர் ஒரே நோயில் போயிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் நாங்கள் ஆளுக்கு ஒரு பொய்ச் சாவு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒருவருக்குப் பாம்பு, ஒருவருக்குக் குடி, ஒருவருக்கு வாய். இதில் உன் அப்பாவுக்கு எழுதியது நான். அத்தையிடம் அவளுடைய இரண்டு பையன்களையும் நாளைக்கே ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். செய்வாளா என்று தெரியவில்லை, நீ ஒரு முறை அவர்களிடம் பேசு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கல்யாணம் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன். தாலி ஏறிய பிறகு மெதுவாகச் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம், விட்டமின் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். முந்தாநாள் கவிதா போன் செய்தாள். ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்த கையோடு செய்தாள், பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. உனக்குப் பிடித்த குழம்பு எது என்று கேட்டாள். அப்புறம், "அத்தை, அவருக்கு எண்ணெ எவ்ளோ ஊத்தணும்னு அளவு சொல்லுங்க, நோட்டுல எழுதிக்கறேன். நீங்க பாத்துக்கிட்ட மாதிரியே நானும் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள், முரளி. அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தப் பெண்ணை என் வேலைக்கு நியமித்துவிட்டேன் என்று புரிந்தது. நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் அவள் முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பாள், எந்த நாள் ஒரு ஸ்பூன் கூடப் போட்டோம் என்று. அதில் ஒன்றும் இல்லை என்றால் உன்மேல் சந்தேகப்படுவாள், எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறான் என்று. அவளும் கோபத்தோடு ஒரு பிள்ளையை வளர்ப்பாள்.

அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா மேல் இருந்த கோபம்தான் இத்தனை வருஷமும் என்னை நிமிர்த்தி நடக்க வைத்தது. காலையில் எழுப்பி பஸ் ஏற வைத்தது, ஓவர்டைம் பார்க்க வைத்தது. துக்கத்துக்கு நேரமே விடவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றோடு அது போய்விட்டது. இப்போது வெறுமனே அவர் இல்லை, அவ்வளவுதான். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கல்யாண வீட்டில் என்ன அழுகை என்பார்கள். பதினாலு வருஷம் கழித்து, ஐம்பது வயதில், நேற்றுத்தான் புருஷனை இழந்தவள் போல இருக்கிறேன். நல்ல மனிதர், முரளி. வடை இல்லை என்றதற்குக்கூட எதிர்த்துப் பேசாத மனிதர்.

திங்கட்கிழமை காலை அந்த டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டும், மறுபடியும் ரத்தம் எடுப்பாள். டிரெட்மில்லில் ஓடவிட்டும் பார்ப்பாளாம். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கிறேன். மாத்திரையை நீயே வாங்கு, நீயே வைத்துக்கொள். இனிமேல் உன் தட்டை நான் பார்க்க மாட்டேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை, பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். உனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறாள், எந்த வயதில் என்று நீயே கேட்டுக்கொள்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையே ஹெப்பகோடிக்குப் போய் கவிதாவிடம் சொல்லிவிடு. நானே போய்ச் சொல்லியிருப்பேன். நேற்று செருப்பைப் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனேன். உன் அப்பாவின் பெயரை மீட்க வேண்டும் என்றால் உன் ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதைப் பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் திரும்பி வந்துவிட்டேன். பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று பார்க்காதே. கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் வீட்டுக்கு வா, நான் இருக்கிறேன். வேண்டும் என்றால், தெரிந்தே வருகிறவளாக வரட்டும். எனக்கு அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

அவள் அப்பா அங்கே இருப்பார். அன்றைக்கு உங்கள் அம்மா வேறு மாதிரி சொன்னார்களே என்று கட்டாயம் கேட்பார். அப்போது நீ தலையைக் குனியாதே, எனக்காகப் பூசி மெழுகாதே. அம்மா தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லிவிடாதே. எங்கள் அப்பாவுக்குப் பிறவியிலேயே ரத்தம் அப்படி, எங்கள் அம்மா என் கல்யாணத்துக்காகப் பொய் சொன்னார்கள் என்று நேராகச் சொல். உன் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் செத்த பிறகு பெயர் கெட்டது, அவர்களால் வாய் திறந்து மறுக்க முடியவில்லை. இந்த முறை நம் வீட்டில் யாருக்காவது பெயர் கெட வேண்டும் என்றால், அது உயிரோடு இருக்கிற என் பெயராக இருக்கட்டும்.

அம்மா